எஸ்பிஎம் முடிந்ததும் காட்டு வேலை, கடல் வேலை: பினாங்கு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வை எழுதிவிட்டு இயற்கைப் பாதுகாப்புக் குழுக்களில் வேலை பழக ஆசையா? முதலில் தேடும் விதத்தை மாற்றுங்கள். கூகளில் ‘சம்மர் கன்சர்வேஷன் இன்டர்ன்ஷிப்’ என்று தட்டினால் வருவதில் பாதி அமெரிக்காவில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நடப்பவை, அங்கேயே படிக்கும் பிள்ளைகளுக்கானவை. மீதி, நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு தீவுக்கு அழைத்துப் போகும் சுற்றுலா. நம் ஊரில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கென்று ‘பயிற்சிப் பணி’ என விளம்பரம் வருவது அபூர்வம், வந்தாலும் பல்கலைக்கழக மாணவர்தான் வேண்டும் என்று இருக்கும். அதனால் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலை, காடு, கடல், சதுப்பு எல்லாம் பஸ் போகும் தூரத்தில் இருக்கிற ஊர் இது, அதைப் பார்த்துக்கொள்ளும் குழுக்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிக் கேட்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எப்போது என்றால், எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அந்த நீண்ட இடைவெளி. இதைவிட நல்ல நேரம் அமையாது. படிவம் 4 பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை சரியாக இருக்கும். நடுவில் வரும் ஒரு வார விடுமுறையெல்லாம் கடற்கரை சுத்தம் செய்யப் போகத்தான் போதும், வேலை கற்றுக்கொள்ளப் போதாது.

யாரிடம் போவது? எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை, ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதக் கூச்சமாக இருக்கிறது என்றால், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்த் தமிழிலேயே விசாரியுங்கள். அதன் சகோதர அமைப்பான சஹாபாட் அலாம் மலேசியா, சுற்றுச்சூழல் பிரச்சினைகளில் பல ஆண்டுகளாக மீனவர்களோடும் விவசாயிகளோடும் நிற்கிற அமைப்பு. அடுத்தது மலேசிய இயற்கைக் கழகம், 1940 முதல் இயங்கி வருகிறது, பினாங்கிலும் கிளை உண்டு. உங்கள் பள்ளியில் ‘கெலாப் பெஞ்சிந்தா ஆலாம்’ என்ற இயற்கை நேசர் மன்றம் இருக்கிறதா என்று ஆசிரியரைக் கேளுங்கள், அது இந்த மலேசிய இயற்கைக் கழகத்தோடு சேர்ந்ததுதான். கோலாலம்பூர் பிள்ளைகளுக்கும் இதே கழகம் நல்ல வாசல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, குரங்குகளைக் கவனித்துப் பாதுகாக்கும் லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு என்ற குழு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருக்கும் லோத்தோங் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள், குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருந்து சில மாதங்களில் சாம்பலாக மாறிவிடும். காட்டை வெட்டிச் சாலை போட்டதால் இவை தார்ச்சாலையில் இறங்கி நடந்து கடக்க வேண்டியதாகி, வாகனத்தில் அடிபட்டுச் சாகின்றன. அதனால் 2019இல் தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள், தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்திக் கழித்துப்போட்ட குழாய்களை வைத்து. பாலம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. குரங்குகள் அதில் ஏறுகின்றனவா, எத்தனை ஏறின, எந்த நேரத்தில் ஏறின என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்ததை எழுத ஆள் வேண்டும், எழுதியதைக் கணினியில் ஏற்றவும் ஆள் வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும், பொறுமையாக உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பது.

செபராங் பிறை பக்கம், குறிப்பாக நிபோங் தெபால் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சதுப்புக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. கரையோர மீனவர் நலச் சங்கம், பிஃப்வா என்று சொல்வார்கள், 1990களிலிருந்தே பாக்காவ் எனும் சதுப்புக்காட்டு மரங்களை நட்டு வருகிறது. பாக்காவ் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்டுவிடும், அந்த முளையைச் சேற்றில் நேராகச் செருகினால் போதும். நடுவது அரைநாள் வேலை. உண்மையில் உதவி தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். போன தடவை நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனையை அலை அடித்துப் போனது, எத்தனையில் சிப்பி ஒட்டிக்கொண்டது என்று திரும்பத் திரும்பப் போய் எண்ண வேண்டும். “எண்ணுவதற்கு நான் வருகிறேன்” என்று சொல்லும் பிள்ளையை எந்தக் குழுவும் சுலபத்தில் விடாது.

ஆமை ஆசை உள்ளவர்களுக்கு பினாங்கு தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் தெலுக் பஹாங் நுழைவாயிலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் காட்டு நடை. குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள், விளக்கு வெளிச்சமே அவற்றுக்குக் கடல் இருக்கும் திசையைக் குழப்பிவிடும்.

சரி, கேட்பதற்கு முன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இலவசம், 13 வயதானால் கணக்குத் தொடங்கலாம். வீட்டுப் பின்புறம், பள்ளித் திடல், கால்வாய் ஓரம், எங்கே எந்தச் செடியையோ பூச்சியையோ பறவையையோ பார்த்தாலும் படம் எடுத்து ஏற்றுங்கள். மற்றவர்கள் பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள், போதிய பேர் ஒத்துக்கொண்டால் அது ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் பதிவாகிவிடும். அப்புறம், ஒரு ஞாயிறு காலை தாவரவியல் பூங்காவுக்குப் போய் ஒரு குரங்குக் கூட்டத்தைத் தள்ளி நின்று கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை சாப்பிடுகின்றன, எத்தனை பேன் பார்க்கின்றன, எத்தனை சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்று கட்டம் போட்டு எழுதுங்கள். விலங்கியல் ஆய்வாளர்கள் செய்வதும் இதே முறைதான். உணவு மட்டும் கொடுக்காதீர்கள். இப்படிச் சில வாரம் எழுதிய நோட்டு, பத்து ‘ஏ’ வாங்கிய சான்றிதழைவிட அந்தக் குழுக்களிடம் அதிகம் பேசும்.

கடிதம் குட்டியாக இருக்கட்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், விஷயம் இப்படி இருந்தால் போதும்: “நான் படிவம் 5 முடித்திருக்கிறேன், வயது 17, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அடுத்த எட்டு வாரம், செவ்வாயும் வியாழனும் காலை ஏழு முதல் மதியம் வரை வர முடியும். நீங்கள் கட்டிய குரங்குப் பாலத்தைப் பற்றிப் படித்தேன், பதிவுகளைக் கணினியில் ஏற்ற உதவுகிறேன். என் குரங்குக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். பெற்றோர் சம்மதம் இருக்கிறது.” ‘எனக்கு இயற்கை மீது அளவற்ற ஆர்வம்’ என்றெல்லாம் ஒரு பத்தி எழுத வேண்டாம், எந்த நாள் எந்த நேரம் வருவீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. ஒரு வாரம் பதில் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள், அவர்கள் காட்டில் இருப்பார்கள்.

பெற்றோர் விஷயம். பெண்பிள்ளை காட்டுக்குப் போவதா என்று அம்மா கேட்பார், கேட்பது நியாயம். அதனால் குழுவிடம் நீங்களே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்: கூடவே இருக்கப் போகும் பெரியவர் யார், காப்புறுதி உண்டா, இரவு வேலை இருக்குமா, அடிபட்டால் யாரை அழைப்பது. முதல் நாள் அம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். காட்டு விலங்கைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்க விடும் இடமும் வேண்டவே வேண்டாம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம் என்று கணக்குச் சொன்னால் சரி, ‘சான்றிதழ் கட்டணம்’ என்றால் நடையைக் கட்டுங்கள்.

சம்பளம் பெரும்பாலும் கிடைக்காது, பஸ் காசுக்குத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். தெலுக் பஹாங் போக ரேப்பிட் பினாங்கு 101, பினாங்கு மலை அடிவாரத்துக்கு 204. காலுக்கு விலை உயர்ந்த சப்பாத்து தேவையில்லை, ‘அடிடாஸ் கம்போங்’ என்று கடையில் விற்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து வழுக்காது, சேறானாலும் கழுவினால் காய்ந்துவிடும். நீளக் காலுறை, இரண்டு தண்ணீர் போத்தல், மழையில் நனையாத நோட்டு, பென்சில். பேனா மை ஈரத்தில் கரைந்தால் அன்றைய பதிவு முழுவதும் போய்விடும்.

முடியும் வாரத்தில் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், வெறும் பங்கேற்புச் சான்றிதழ் பற்றாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்தீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். பின்னால் யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்று புள்ளி பிரிப்பார்கள். இன்னும் பள்ளியில் இருப்பவர்கள் இந்தக் கடிதத்தின் நகலைப் புறப்பாட ஆசிரியரிடம் உடனே கொடுத்து, கணக்கில் சேருமா என்று கேட்டு வையுங்கள், ஆண்டு முடிந்து பதிவை மூடிவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.