நடக்கும்போது கால்விரல் மரத்துப்போனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

காலையில் நடக்கக் கிளம்பி இருபது நிமிடம் ஆனதும் பாதத்தின் முன்பகுதியில் ஒரு மதமதப்பு தொடங்கி, சற்று நேரத்தில் மூன்றாவது, நான்காவது விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாதபடி மரத்துப்போவது, புதிதாக ஷூ வாங்கி நடைப்பயிற்சி தொடங்கியவர்கள் பலருக்கும் நேர்வதுதான். வீட்டில் சொன்னால் "ரத்த ஓட்டம் சரியில்லை" என்பார்கள். பெரும்பாலான சமயங்களில் ரத்தம் காரணமல்ல. நரம்பு எங்கோ நெரிபடுகிறது. எந்த விரல் மரக்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் மரக்கிறது, எதைச் செய்தால் விடுகிறது என்ற மூன்றையும் கவனித்தால், அந்த இடத்தை ஓரளவு நாமே கண்டுகொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கீழே வரும் எதையும் செய்து பார்ப்பதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட வேண்டும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால்களிலும் ஒன்றுபோல, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். இரவில் படுத்திருக்கும்போதும் எரியும் அல்லது மதமதக்கும். ஷூவைக் கழற்றினாலும் போகாது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி எங்கே குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பார். சில நிமிட வேலைதான். மரத்த காலை வெந்நீரில் வைப்பது நம் வீடுகளில் பழகிய வைத்தியம் என்றாலும், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அதுவே ஆபத்து, தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதாலும், அந்தக் குறைவும் இதே மதமதப்பைத் தரும் என்பதாலும், ரத்தத்தில் அதன் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் முதலில் செய்யும் சோதனையிலேயே ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது. மரத்துப்போனதும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து லேஸை அவிழ்த்ததும் விரல்களுக்கு உயிர் வந்தால், ஷூதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் உட்கார்ந்து குனிந்ததாலேயே விடுகிற மரப்பும் உண்டு. வயது ஏற ஏற இடுப்புப் பகுதியில், முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் தண்டுவடக் குழாய் குறுகியிருந்தால், நிமிர்ந்து நடக்கும்போது நரம்பு நெரிபட்டு, முதுகு முன்னால் வளைந்ததும் குழாய் சற்று அகன்று கால் தெளியும். நீங்கள் தளர்த்தியது லேஸையா முதுகையா என்பது அப்போது தெரியாது. ஆகவே இன்னொரு நாள் அதே பாதையை, முன்பக்கம் திறந்த, வாரை இளக்கிவிட்ட சாண்டலில் அதே வேகத்தில் நடந்து பாருங்கள். விரல் மரக்கவில்லை என்றால் காரணம் ஷூதான். சாண்டலிலும் மரத்து, நின்றால் போகாமல், உட்கார்ந்தால் மட்டும் போகிறது என்றால், புது ஷூ வாங்குவதை நிறுத்தி முதுகைக் காட்டுங்கள்.

ஷூதான் என்று தெரிந்தபின் நீளத்தைவிட அகலத்தைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் எத்தனையாம் நம்பர் என்று மட்டுமே கேட்பார்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், மாலையிலும் சற்றுப் பெரிதாக இருக்கும். எனவே மாலையில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போவது சரி. ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வழிந்தால், விற்பவர் "போடப் போட இளகிடும் சார்" என்று எவ்வளவு சொன்னாலும் அந்த ஷூ வேண்டாம். நீளத்தில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் கை கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம்.

ஷூ போதுமான அகலம் என்றால் லேஸைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பிளவில் மட்டும் மரத்தால், பாதத்தின் மேல்மேட்டில் ஓடும் நரம்பை லேஸ் அழுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். லேஸை முழுக்க உருவி, விரல் பக்கமிருந்து மறுபடி கோத்து வாருங்கள். மேட்டுக்கு நேராக வரும் துளைகளில் மட்டும் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அதற்கு மேல் வழக்கம்போல் குறுக்கே கோத்து முடியுங்கள். மேட்டின் மேல் ஒரு சிறு சன்னல் திறந்தது போல இருக்கும். முடிச்சுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். மரப்பது பாதத்தின் முன்பகுதி முழுவதும் என்றால், விரல்களை ஒட்டிய முதல் ஜோடித் துளைகளை விட்டுவிட்டுக் கோத்துப் பாருங்கள்.

மெட்டி அணிபவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். வெறுங்காலில் சுழலும் மெட்டி, வீங்கிய விரலில் ஷூவுக்குள் இறுகி, அந்த ஒரு விரலை மட்டும் மரக்கச் செய்யலாம்.

ஜிம்மில், பலகைமேல் நின்றபடியே நடப்பதுபோல் கால்களைச் சுழற்றும் எலிப்டிக்கல் இயந்திரத்தில் பாதம் பலகையை விட்டு எழுவதே இல்லை என்பதால், பாரம் முழுக்க விரல்களின் அடிமேட்டிலேயே நிற்கிறது. குதிகாலால் மிதித்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை உயர்த்தி அசைத்தால் பெரும்பாலும் போதும்.

அகலமான ஷூ போட்டும், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே மரத்து, ஷூவுக்குள் கூழாங்கல் கிடப்பது போல உறுத்தினால், அது 1876இல் பிலடெல்ஃபியா மருத்துவர் தாமஸ் மார்ட்டன் விவரித்த, அவர் பெயராலேயே மார்ட்டன் நியூரோமா என்று அழைக்கப்படும் நரம்புத் தடிப்பாக இருக்கலாம். நியூரோமா என்ற சொல் கட்டி என்று பயமுறுத்தினாலும், உண்மையில் நரம்பைச் சுற்றிய திசு தடித்திருப்பதுதான் அது. குதி உயர்ந்த செருப்பை நிறுத்துவதும், விரல்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் சிறு மெத்தை வைப்பதும் பலருக்கு உதவும். மெத்தையின் இடத்தை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ குறித்துத் தருவது நல்லது.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் இழுத்து நடப்பது, பாதம் திடீரென்று வெளிறிச் சில்லிடுவது, இருசக்கர வண்டி இருக்கையில் படும் பகுதி மரத்துச் சிறுநீர் அடக்கமுடியாமலோ வராமலோ போவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, ஷூவும் லேஸும் மாற்றி இரண்டு மூன்று வாரம் ஆகியும் தீரவில்லை என்றால், எந்த விரல், எத்தனையாவது நிமிடம் என்று எழுதிய தாளோடு, நடக்கும்போது போடும் பழைய ஷூவையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; ஷூவின் அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.