வளைபாதக் குழந்தை: மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் நம் வேலை

பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டு போடும் வாரங்களைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கட்டு மருத்துவர் பார்க்கும் வேலை. அப்புறம் வருகிற ஷூவும் கம்பியும் நான்கைந்து வருடத்துக்கு நம் வேலை.

மாவுக்கட்டு போட்டுப் பாதத்தை நேராக்கும் பொன்செட்டி முறையில் வாரம் ஒரு கட்டு, விரலிலிருந்து தொடை வரை, ஒவ்வொரு முறையும் பாதத்தைக் கொஞ்சம் திருப்பி. பொதுவாக 5 முதல் 7 கட்டு. மூட்டுகள் இறுகியோ முதுகுத்தண்டுக் குறையோடோ பிறந்த குழந்தைக்கு இன்னும் கூடும். நாப்கின் மாற்றும்போதெல்லாம் கால்விரலை அழுத்திப் பாருங்கள், வெளுத்த இடம் உடனே பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலும், விரல்கள் கட்டுக்குள்ளே போய் மறைந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கடைசியில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரைச் சின்னதாக வெட்டி, மூன்று வாரம் ஒரு கட்டு போடுவார்கள். அதற்குள் தசைநார் நீளமாக வளர்ந்து சேர்ந்துவிடும்.

பிறகு பிரேஸ், அதாவது இரண்டு ஷூவையும் சேர்த்துப் பூட்டிய கம்பி. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், அதற்கப்புறம் இரவும் பகல் தூக்கமும், நான்கைந்து வயது வரை. முதல் சில இரவு அழுவான், நீங்களும் அழுவீர்கள். புண்ணோ வலியோ இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகும் அழுகைக்காகக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். மாட்டும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் பாதத்தின் இறுக்கம் தளரும், குதிகாலை நன்றாகக் கீழே அழுத்தி நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள், மற்ற பட்டைகள் அப்புறம். மாட்டிய உடனே கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், ஒரு காலை மட்டும் உதைக்க முடியாது என்று அவனுக்கே பிடிபடும். கம்பிக்குத் துணி சுற்றிவிடுங்கள், பக்கத்தில் படுப்பவரின் விலா எலும்பு தப்பிக்கும்!

லேசான சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். கொப்புளமோ, குதிகாலில் அடர்சிவப்போ வந்தால் ஷூ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அங்கே க்ரீம் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் உணர்ச்சி குறைந்த குழந்தை புண் வந்தாலும் அழாது. அந்தக் காலை நீங்களே தினமும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

நடக்க முடியாத, நடக்கத் தாமதமாகும் குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளத் தோன்றும். எனக்கும் அப்படித்தான், இரக்கம் பாதி, அவசரம் பாதி. தரையில் விடுங்கள். பொம்மையைக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள், தவழட்டும், உருளட்டும், உட்கார்ந்தே நகரட்டும். வாக்கரோ சக்கர நாற்காலியோ வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அது தோல்வி இல்லை, மற்ற பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு அவனும் போய்ச்சேர ஒரு வழி. காலுக்கு என்ன என்று யாராவது கேட்டால் அவன் காதுபட ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "பாதம் வளைந்து பிறந்தான், சரிசெய்கிறோம்." கொஞ்ச நாளில் அவனே சொல்வான்.

குதிகால் தரையில் படாமல் தூக்கினாலோ, பாதம் உள்பக்கம் திரும்பினாலோ, நன்றாக இருந்த ஷூ திடீரென்று கழன்றுகொண்டே இருந்தாலோ வளைவு திரும்ப வருகிறதா என்று சந்தேகப்படுங்கள். சீக்கிரம் போனால் பல நேரம் சில மாவுக்கட்டுகளிலேயே மறுபடி நேராக்கிவிடலாம்.