டைம்லாப்ஸ் மினுக்குதா? டீஃபிளிக்கர் போடறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

டைம்லாப்ஸுக்காக கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்த படமெல்லாம் வீடியோவா சேத்து ஓட்டினா ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி மினுக்குது, உடனே அந்த மினுக்கல எடுக்கற டீஃபிளிக்கர் பிளகின் வாங்கணுமான்னு கேக்கறாங்க. கொஞ்சம் பொறுங்க. எடுக்கறப்பவே வந்த மினுக்கலா, எடிட்ல நாமளே வரவழைச்சதான்னு மொதல்ல பாக்கணும். லைட்ரூம் எடிட்டிங் சாப்ட்வேர்ல எல்லாத்தையும் ரீசெட் பண்ணி, சின்ன ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு தடவை ஓட்டுங்க. இப்ப மினுக்கலன்னா கோளாறு ஸ்லைடர்ல.

நான் மாட்டினதும் அப்படித்தான். சிங்கப்பூர் மரீனா பராஜ்ல சாயங்காலம் 6.30லேர்ந்து 8 மணி வரைக்கும் 5 செகண்டுக்கு ஒண்ணுன்னு 1080 படம், ஏர்கான் பஸ்லேர்ந்து இறங்கின கையோட கேமராவ பையிலேர்ந்து எடுத்துட்டேன், நம்மூரு புழுக்கத்துல லென்ஸ் மேல ஆவி படிஞ்சு மொத நூறு படம் பால் ஊத்தின மாதிரி. சரின்னு மங்கல எடுக்கற டீஹேஸ் ஸ்லைடர இழுத்து மொத்தத்துக்கும் சிங்க் பண்ணேன், ஆவி போகல, மினுக்கல்தான் வந்துச்சு. ஏன்னா டீஹேஸ், கிளாரிட்டி, ஹைலைட்ஸ், ஷேடோஸ் இதெல்லாம் அந்தந்தப் படத்துல என்ன இருக்குன்னு பாத்து வேலை செய்யும், மேகம் நகந்தாலோ யாராவது பட்டத்தோட குறுக்க வந்து நின்னாலோ கணக்கு மாறிடும், ஒரே நம்பர் போட்டும் ரிசல்ட் ஒரே மாதிரி வராது. எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், டோன் கர்வ் மட்டும் வெச்சு ஒப்பேத்துங்க. அந்த நூறு படத்த தூக்கிப் போட்டுட்டேன், மிச்சமே செகண்டுக்கு 24 ஃபிரேம்ல 40 செகண்ட் வந்துச்சு, போதும்.

ரீசெட் பண்ணியும் மினுக்குதுன்னா ஆட்டோ எக்ஸ்போஷரோ ஆட்டோ வைட் பேலன்ஸோ ஓடிருக்கான்னு பாருங்க. எல்லாம் மேனுவல்தான்னா அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை மேல சந்தேகப்படலாம், எஃப் 8ல வெச்சா பிளேடு ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூடித் தொறக்கும், ஒரே அளவுக்கு மூடாது. இதுக்குத்தான் டீஃபிளிக்கர், நல்லாவே சரி பண்ணும். அடுத்த தடவை லென்ஸ முழுசா தொறந்து வெச்சே எடுங்க.

லிட்டில் இந்தியா தேக்கால தீபாவளி லைட் எடுத்து பட்டை பட்டையா கோடு வந்தா அது வேற கதை. இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டு செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், ஷட்டர் 1/500 செகண்டுன்னு வெச்சா கோடுதான். சாதாரண டீஃபிளிக்கர் மொத்த படத்தோட வெளிச்சத்த சமன் பண்ணுமே தவிர இந்தக் கோட்ட எடுக்காது. 1/50 இல்ல அதுக்கும் ஸ்லோவா வெச்சு திரும்ப எடுக்கணும், சாரி.

சூரியன் இறங்கிட்டு திடீர்னு மேல வருதா? ஃபைல் நம்பர் 9999 தாண்டி 0001க்குப் போயிருக்கும், சாப்ட்வேர் 0001அ மொதல்ல போட்டுடும். எடுத்த நேரப்படி சார்ட் பண்ணி ரீநேம் பண்ணுங்க.

வீடியோ ஆட்டத்தக் குறைக்கற வார்ப் ஸ்டெபிலைசர் எஃபெக்ட் போட்டதுக்கப்புறம் கட்டடம் ஜெல்லி மாதிரி ஆடினா அது மேகத்தையும் தண்ணியையும் புடிச்சுக்கிட்டு ஆடுது. அதோட மெத்தட்ல சப்ஸ்பேஸ் வார்ப்ப மாத்தி பொசிஷன் மட்டும் வைங்க, அப்பவும் ஆடினா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல மேகத்து மேல இருக்கற டிராக் பாயின்ட்ட எல்லாம் அழிச்சிடுங்க.