வேர்ச்சாயம் ஏற்றும் முன் துணியைத் தயார் செய்யுங்கள்

பீட்ரூட்டை வேகவைத்து அதில் வெள்ளைத் துணியை முக்கி எடுத்து, முதல் சலவையிலேயே எல்லாம் போய்விட்டதே என்று நொந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. பீட்ரூட் துணிக்கு ஆகாது. மஞ்சளும் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். சிவப்பு நிற்க வேண்டுமென்றால் மஞ்சிட்டி வேர்தான். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணியில்கூட இந்த இனத்துச் சாயம் இருந்தது.

அரை கிலோ பருத்தித் துணி என்று வைத்துக்கொள்வோம். முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். புதுத் துணியிலிருந்துகூட பழுப்பாக அழுக்கு இறங்கும், அது போகாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். அப்புறம் 100 கிராம் கடுக்காய்த் தூளைக் கரைத்த வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும். பிழிந்து அலசாமல் காயவைத்து, 75 கிராம் படிகாரத்தைக் கரைத்த நீரில் மறுபடி ஒரு ராத்திரி ஊறவையுங்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரத்தில் உள்ள அலுமினியம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி தானாக எதையும் அவ்வளவு லேசில் பிடிக்காது, அதனால்தான் இந்தப் பாடு. இதில் அவசரப்பட்டால் அப்புறம் எவ்வளவு வேர் போட்டாலும் வீண்.

இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம், கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் துணி கறுத்துவிடும். எவர்சில்வர் போதும், ஆனால் அதில் மறுபடி சமைக்காதீர்கள்.

சரி, சாயத்துக்கு வருவோம். 300 கிராம் வேர்த்தூளை முந்தின நாளே ஊறவைத்து, படிகாரத் துணியை லேசாக அலசிப் போட்டு, மெதுவாகச் சூடாக்குங்கள். 70 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்பு தட்டும். ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். நிழலில் காயட்டும்.

இந்த வேருக்கு மவுசு குறைந்தது செயற்கைச் சாயங்களால்தான். 1856இல் இங்கிலாந்து வேதியியலாளர் பெர்கின், மலேரியா மருந்தான குயினைன் செய்யப் போய் செயற்கை ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். 1868இல் ஐரோப்பிய மஞ்சிட்டிக்குச் சிவப்பைத் தரும் அலிசரின் என்ற பொருளையே ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த வேர் சாகுபடி படுத்துவிட்டது.

மிச்சச் சாயத்தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், படிகாரம் ஏற்றிய இன்னொரு துணியைப் போட்டால் இளஞ்சிவப்பு கிடைக்கும்.