வாய்மொழி வரலாற்றுக் காப்பகத்தில் ஆய்வு தொடங்குவது எப்படி? சிங்கப்பூர் நேர்காணல்களை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் (1942–45) சிங்கப்பூர்த் தமிழர்கள் எதை உண்டார்கள், யாருக்கு அஞ்சினார்கள், சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது என்ன செய்தார்கள் என்று அறிய விரும்புபவருக்கு அரசுக் கோப்புகள் அதிகம் உதவுவதில்லை. இதற்கு நாம் செல்ல வேண்டிய இடம் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம். 1979-இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் ஆங்கிலம், மலாய், தமிழ், மாண்டரின், ஹாக்கியன் போன்ற பல மொழிகளில் நேர்காணல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கேட்கலாம். இதுவரை இத்தகைய காப்பகத்தைப் பயன்படுத்தியிராத மாணவருக்காக, ஜப்பானியர் காலத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஜப்பானியர் காலத் தமிழர் வாழ்க்கை" என்பது தலைப்பாகலாம், ஆய்வுக் கேள்வியாகாது. "அரிசி கிடைக்காத வீடுகளில் மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைத்தார்கள், யார் பயிரிட்டார்கள்?" என்பது கேள்வி. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டின் மதிப்பு சரிந்தபோது சிறு கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் கேள்விதான். ஒரு நேர்காணல் பல மணி நேரம் ஓடக்கூடியது. கேள்வி குறுகலாக இல்லாவிட்டால் எல்லாமே முக்கியமாகத் தோன்றும்.

இரண்டாம் படி: தேடல் பெட்டியின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

பேச்சு தமிழில் இருந்தாலும், பட்டியலும் சுருக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆகவே தமிழ்ப் பெயர்களை மலாயாவில் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினார்களோ, அப்படித் தேட வேண்டும். லட்சுமி அங்கே "லெச்சுமி"யாகவும் "லெட்சுமி"யாகவும், சின்னத்தம்பி "சின்னதம்பி"யாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்காமல் "ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. இடப்பெயர்களும் அப்படியே. சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள். கிராஸ் ஸ்திரீட்டைப் பால்கடைச் சடக்கு என்பார்கள். சுருக்கத்தில் அதிகாரப்பூர்வமான தெருப்பெயரும் குரலில் வழக்குப் பெயரும் வரக்கூடும் என்பதால், இரண்டையும் இணைத்து ஒரு சிறிய அகராதியை நீங்களே தயாரித்துக்கொள்வது நல்லது. கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பால்மரம் (ரப்பர் மரம்) முதலிய தோட்டச் சொற்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பதிவின் முகப்பைப் படியுங்கள்

ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒரு பதிவெண் உண்டு. உரையாடல் ஏறத்தாழ அரை மணி நேர அளவுள்ள ரீல்களாக (ஒலிநாடாச் சுருள்களாக)ப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த ரீலில் எதைப் பேசுகிறார்கள் என்ற சுருக்கத்தைப் பார்த்து நேரே வேண்டிய ரீலுக்குத் தாவலாம் என்று தோன்றும். அதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நேர்காணல் எந்த ஆண்டில் பதிவானது, கேட்டவர் யார், எந்தத் திட்டத்தின் கீழ் கேட்டார். 1942-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தவர், 1980-களில் ஐம்பது கடந்த மனிதராக அமர்ந்து, "அக்காலத் துன்பங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்கப்பட்டுப் பேசுகிறார் என்றால், அந்தக் கேள்வியும் அந்த நாற்பது ஆண்டுகளும் அவருடைய விடைக்குள் இருக்கின்றன. சில பதிவுகளை இணையத்தில் கேட்க முடியாது. அவற்றுக்கு அனுமதி பெற வேண்டும், அல்லது கேனிங் ரைஸில் உள்ள காப்பகக் கட்டடத்திற்கு நேரில் செல்ல வேண்டும்.

நான்காம் படி: காதால் படியுங்கள்

தொடக்கநிலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எழுத்துப்படி கிடைத்துவிட்டால் ஒலியைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பது இயல்பு. படிப்பது விரைவானது, கேட்பது சோர்வு தருவது. ஆனால் "தந்தை சயாமுக்கு வேலைக்குச் சென்றார்" என்று சுருக்கத்தில் ஒரே வரியில் அடங்கும் செய்தி, குரலில் "போனாரு" என்றும் இருக்கலாம், "கூட்டிட்டுப் போனாங்க" என்றும் இருக்கலாம், "பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றும் இருக்கலாம். சயாம்–பர்மா ரயில் பாதையில் தமிழ்த் தொழிலாளர் எவ்வாறு சேர்க்கப்பட்டனர் என்பதை ஆராய்பவருக்கு இந்த மூன்று வினைச்சொற்களும் மூன்று வெவ்வேறு சான்றுகள்.

எனவே முதல் முறை குறிப்பெடுக்காமல் ஒரு ரீல் முழுவதையும் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, பதிவெண், ரீல் எண், நிமிடம், பேசியவரின் சொற்கள், உங்கள் கருத்து என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணையில் எழுதுங்கள். அவருடைய சொற்களையும் உங்கள் கருத்தையும் ஒரே பத்தியில் கலக்கவே கூடாது. நிமிடத்தைக் குறிக்காமல் நான் எழுதி வைத்த ஒரு நல்ல மேற்கோளை மீண்டும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று; அதன் பிறகுதான் இந்த அட்டவணை வந்தது. பேச்சு நிற்கும் இடத்தையும், தமிழிலிருந்து திடீரென மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ மாறும் இடத்தையும், கேட்டவர் இடைமறித்துப் பேச்சைத் திருப்பிய இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேதிகளைச் சோதியுங்கள், தவற்றைத் தூக்கி எறியாதீர்கள்

"1942-இல் போஸ் பேசியதைக் கேட்டேன்" என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் கேத்தே கட்டடத்தில் நடந்த கூட்டத்தில், இந்திய விடுதலைக்காக இயங்கிய இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்றது 1943 ஜூலை 4 அன்று. உடனே அவர் சொல்வது பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதற்கு முன் லீகின் தலைவராக இருந்தவரும் ஒரு போஸ்தான், ராஷ் பிஹாரி போஸ். நினைவில் இருவரும் ஒருவராகியிருக்கலாம். அல்லது அவர் சரியாகவே சொல்லியிருக்க, நாம் தவறான போஸை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஜப்பானியர் சிங்கப்பூர்க் கடிகாரங்களை டோக்கியோ நேரத்திற்கு, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தனர். "காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருந்தது" என்று ஒருவர் சொன்னால் அது மிகைப்படுத்தல் ஆகாது. அக்கால நாளிதழில் 2602 என்ற ஆண்டைக் கண்டாலும் திகைக்க வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 1942. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் அக்காலத்தின் சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயர்) இதழ்களைப் படித்து, குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவை ஜப்பானிய ஆட்சியின் கட்டுப்பாட்டில் வெளிவந்தவை என்பதால், நேர்காணலைத் திருத்தும் நீதிபதியாக அவற்றை அமர்த்த முடியாது.

நினைவுப் பிழை எவ்வளவு சொல்லும் என்பதற்கு இத்தாலியில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. தெர்னி நகரில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற எஃகுத் தொழிலாளி 1949-இல், நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தின்போது கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அந்நகரத் தொழிலாளர்கள் பலர், அவர் 1953-இல் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாகவே அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி என்ற ஆய்வாளரிடம் நினைவு கூர்ந்தனர். தேதி தவறு, ஆனால் அம்மரணம் அவர்களுக்கு எப்போது பொருள் பெற்றது என்பதைப் பிழையே காட்டிக்கொடுத்தது. உங்கள் அட்டவணையிலும் பிழைகளுக்கு ஒரு நிறம் கொடுத்து வையுங்கள். ஒரே பிழையைப் பலர் செய்தால், ஆய்வுக் கட்டுரையின் ஒரு பகுதி அங்கேயே தொடங்கிவிட்டது.

ஆறாம் படி: மேற்கோளும் அனுமதியும்

பேசியவர் பெயர், பதிவெண், ரீல் எண், நேர்காணல் நாள், காப்பகத்தின் பெயர் ஆகிய ஐந்தும் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டினால், மொழிபெயர்ப்பு உங்களுடையதா காப்பகத்தினுடையதா என்று குறிப்பிடுங்கள். வகுப்பறைக் கட்டுரையைத் தாண்டி அச்சிலோ காணொலியிலோ வெளியிடுவதாக இருந்தால் காப்பகத்திடம் எழுதி அனுமதி கேளுங்கள். பேசியவர் மறைந்திருக்கலாம்; ஆனால் கெம்பேதாய்க்கு (ஜப்பானிய இராணுவப் போலீசுக்கு) காட்டிக் கொடுத்தவர் என்று அவரால் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்ட அண்டை வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருக்கக்கூடும். ஒரே ஒரு குரலை மட்டுமே சான்றாகக் கொண்ட அத்தகைய குற்றச்சாட்டில், பெயரை நீக்கிவிட்டு "அண்டை வீட்டார் ஒருவர்" என்றே எழுதுங்கள்.