பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினில் கத்தி மாற்றும்போது நாம் விடுகிற பிழைகள்

போன மாரிக்கு ஒரு செட் புதுக் கத்தி போட்டேன், மூன்றாம் நாளே ஒன்றின் முனை தெறித்துவிட்டது. விற்றவரைத் திட்டிக்கொண்டே கழற்றிப் பார்த்தால், கத்தி உட்காருகிற இடத்தில் பழைய போத்தல் தூள் இறுகிப்போய் இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. கடதாசித் தடிப்புத்தான், ஆனால் அதற்கு மேலே வைத்து முறுக்கினால் கத்தி அடியில் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், தூக்கின பக்கம், மெஷின் உடம்பில் அசையாமல் பூட்டியிருக்கிற நிலைக்கத்தியில் போய் முட்டும். பிழை என்னுடையது. இப்போது முதலில் கம்பிப் பிரஷ், பிறகு மண்ணெண்ணெய்த் துணி, பிறகு காய்ந்த துணி, அதற்குப் பிறகுதான் கத்தி.

அடுத்தது இடைவெளி. சுற்றுகிற சுழல்கத்திக்கும் நிலைக்கத்திக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டால் நம் ஆட்களில் பாதிப்பேர் கண்ணால் பார்த்துச் சொல்லுவார்கள். கண்ணுக்கு 0.2 மி.மீ.யும் 0.5 மி.மீ.யும் ஒன்றுதான், மெஷினுக்கு அப்படி இல்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிற அளவை எடுங்கள். சிறிய மெஷின்களுக்குப் பெரும்பாலும் 0.2, 0.3 மி.மீ. அளவில் இருக்கும், மெல்லிய பொலித்தீன் அரைப்பதென்றால் இன்னும் நெருக்கம் வேண்டும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜை ஒரே இடத்தில் விட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று எழும்பக் கூடாது. ஒவ்வொரு சுழல்கத்திக்கும் இரண்டு கரையிலும் நடுவிலும் பாருங்கள், எது அதிகம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதற்குத்தான் நிலைக்கத்தியை வைக்க வேண்டும். அதற்காக ஒட்டினாற்போலவும் வைக்காதீர்கள். ஓடிச் சூடாகினால் இரும்பு விரியும்.

தீட்டுவதில்தான் காசு அதிகம் வீணாகிறது. கை கிரைண்டரைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும், உண்மைதான், ஆனால் விளிம்பில் நீலம் தட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அரை நாளில் மழுங்கும். தண்ணீர் ஊற்றித் தீட்டுகிற சர்பேஸ் கிரைண்டர் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள், பழைய சாய்வு மாறக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள். மழுங்கின ஒன்றை மட்டும் கொடுக்காமல் முழு செட்டையும் கொடுக்க வேண்டும். ஒரு கத்தி மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தாலே எடை மாறி, சுழல்கத்திகள் பூட்டியிருக்கிற ரோட்டர் ஆடத் தொடங்கும், பிறகு பெயரிங்கும் போகும். திரும்பி வந்தவுடன் தராசில் போட்டுப் பார்த்து, ஒரே எடை உள்ளவற்றை எதிரெதிராகப் பூட்டுவது என் பழக்கம்.

போல்ட்டுக்கு ஸ்பானரில் பைப் சொருகி முறுக்குகிறவர்கள் அதை நிறுத்தினால் நல்லது. போல்ட் உள்ளுக்குள் இழுபட்டுவிடும், வெளியே தெரியாது. இறுக்கத்தை அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரென்ச் வாங்க வசதி இல்லையென்றால் இரவலாவது எடுங்கள். புதுக் கத்திக்குப் பழைய போல்ட்டும் வேண்டாம்; தலையில் 12.9 என்று பலத்தின் எண் அடித்த போல்ட் இருந்த இடத்தில் சாதா போல்ட்டைப் போடவே கூடாது. ஒரு மணித்தியாலம் ஓட்டிவிட்டு, மெஷினை நிறுத்தி, மறுபடி இறுக்கம் பாருங்கள்.

கரண்ட் நின்ற நேரம்தானே என்று கையை உள்ளே விடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வந்தால் யார் பொறுப்பு? மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, திறப்பைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு கத்தியைக் கழற்றும்போது எடை மாறி ரோட்டர் தானாகவே உருளும், மற்றக் கத்தி உங்கள் விரலுக்கு வரும். உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகிப் பூட்டிவிட்டுத்தான் வேலை.

கரையோரம் பொறுக்கி வருகிற போத்தலில் மணல் இருக்கும். கழுவாமல் போட்டால் எந்தக் கத்தியும் தாங்காது. நைலோன் வலைத் துண்டு வெட்டுப்படாமல் தண்டில் சுற்றிக்கொள்ளும், அதை முதலே சின்னனாக வெட்டிப் போட வேண்டும். மூடியில் ஒட்டின ஆணி, கம்பிக்கு மெஷின் வாயில் ஒரு காந்தம் வையுங்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்கணக்கு பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதுக் கத்தி போட்ட அன்று மோட்டர் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அதே சாமானுக்கு அது ஏறத் தொடங்கினாலோ, சல்லடைக்குக் கீழே மணிமணியாக விழாமல் தூள் கூடினாலோ, அரைத்தது விழுகிற சாக்கைத் தொட்டால் சுட்டாலோ கழற்றிவிடுவேன். மேலதிக செட்டுக்கு எண்ணெய் பூசிப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், இந்தக் கடற்காற்றில் வெறுமனே வைத்தால் பூட்டுவதற்கு முதலே துருவேறிவிடும், பிறகு கொழும்புக்குப் போன் எடுத்துவிட்டு பஸ்ஸில் கத்தி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.