டிஎன்எஸ் டெஸ்ட் எழுதுகிறீர்களா? யாரிடம் கேட்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

டிஎன்எஸ் என்பது இணையப் பெயர்களை ஐபி முகவரி போன்ற விவரங்களோடு இணைக்கும் அமைப்பு. அதன் ரெக்கார்டுகளுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்று யோசிப்பதில்லை. பைத்தானில் இரண்டு வரி எழுதி, பெயரைக் கொடுத்தால் ஐபி வருகிறதா, வந்துவிட்டது, சரி, டெஸ்ட் பாஸ். அந்த ஐபி உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலிருந்து வந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ் பதிலைத் தேடித் தரும் சர்வர்) மதியம் கேட்டு வாங்கி டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அளவு) முடியும்வரை கேஷில் வைத்திருக்கும் பழைய பதிலாக இருக்கலாம். நீங்கள் இப்போது மாற்றிய ரெக்கார்டை அந்த டெஸ்ட் பார்க்கவே இல்லை.

அதனால் உங்கள் டொமைனின் அதிகாரபூர்வ நேம்சர்வரிடம், அதாவது அதன் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வரிடம், நேரடியாகக் கேளுங்கள். கையால் பார்ப்பதென்றால் டிக் (dig) கட்டளையில் @ போட்டு நேம்சர்வரின் பெயரைக் கொடுக்கலாம். டெஸ்டில் என்றால் டிஎன்எஸ்பைத்தான் லைப்ரரியில் எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். ஒன்றிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். நான்கு நேம்சர்வர் இருந்தால் நான்கிடமும் கேட்டு, எஸ்ஓஏ ரெக்கார்டின் (டொமைனின் அடிப்படை விவரங்கள் கொண்ட ரெக்கார்டு) சீரியல் எண், அதாவது ரெக்கார்டுகளை மாற்றும்போது கூடும் எண், எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டால், சிலருக்குத் தளம் திறக்கும், சிலருக்குத் திறக்காது, காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும்.

இன்னொன்று, இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். சோன் ஃபைலில் (டொமைனின் ரெக்கார்டுகளை எழுதி வைக்கும் ஃபைல்) எம்எக்ஸ் ரெக்கார்டு (டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) எழுதும்போது பெயரின் கடைசியில் புள்ளி வைக்க மறந்துவிட்டோம். புள்ளி இல்லாவிட்டால் சர்வர் டொமைன் பெயரைப் பின்னால் ஒட்டிவிடும் என்பதால், மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று இருக்க வேண்டியது மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் ஆகிவிட்டது. டெஸ்ட் இருந்தது, பாஸும் ஆனது! பதிலின் கடைசியில் வரும் புள்ளி தொந்தரவாக இருக்கிறதே என்று, முழுப் பெயரை ஒப்பிடாமல், பதிலுக்குள் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்திருந்தோம். இருந்தனவே. கேஷ் காலாவதியாக ஆக, வெளியிலிருந்து வரும் மெயில் ஒவ்வொன்றாக நின்றது. புள்ளியோடு சேர்த்து முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள். அப்புறம் அந்தப் பெயருக்கு உண்மையிலேயே ஏ அல்லது குவாட் ஏ ரெக்கார்டு (ஐபி முகவரியைத் தருபவை) இருக்கிறதா என்றும் கேளுங்கள். எம்எக்ஸ் காட்டும் பெயர் சிநேம் (CNAME, இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) ஆக இருக்கக் கூடாது, அதையும் அதே டெஸ்டில் பார்த்துவிடலாம்.

பதில்கள் வரும் வரிசையை நம்பாதீர்கள். ஒரே பெயருக்கு மூன்று ஐபி இருந்தால் வரிசை ஒவ்வொரு முறையும் மாறலாம், செட்டாக மாற்றி ஒப்பிட்டால் போதும்.

எழுத்துகளை அப்படியே வைத்திருக்கும் டிஎக்ஸ்டி (TXT) ரெக்கார்டில் வேறு சிக்கல். ஒரு துண்டு 255 பைட்டுக்கு மேல் போக முடியாது, அதனால் 2048 பிட் டிகிம் (DKIM, மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) சாவி இரண்டு துண்டாகத்தான் வரும். நடுவில் இடைவெளி விடாமல் ஒட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். எஸ்பிஎஃப் (SPF, உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) என்றால் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது: ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கிறதா என்று எண்ணுங்கள், இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். இன்க்லூடுகளுக்குள்ளே (வேறொரு டொமைனின் எஸ்பிஎஃப்பைச் சேர்க்கும் குறிப்புகள்) வரும் இன்க்லூடுகளையும் சேர்த்து டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது. புதிதாக ஒரு மெயில் சேவையைச் சேர்க்கும்போது இந்தப் பத்து எப்போது பதினொன்று ஆனது என்று யாருக்கும் தெரிவதில்லை, அதனால் இந்த எண்ணிக்கைக்கு ஒரு டெஸ்ட் கட்டாயம் வேண்டும்.

ரெக்கார்டு உருவாகும் முன்பே ஐந்து வினாடிக்கு ஒருமுறை வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பொது ரிசால்வரைக் கேட்கும் டெஸ்டுகளையும் பார்க்கிறேன். அப்படிச் செய்தால், 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலையும் அந்த ரிசால்வர் கேஷில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ ரெக்கார்டு முடிவு செய்கிறது. அதில் 3600 என்று இருந்தால், ரெக்கார்டு வந்த பிறகும் ஒரு மணி நேரம் வரை உங்கள் டெஸ்ட் தோற்றுக்கொண்டே இருக்கலாம்.

இப்படிச் சொன்னதால் பொது ரிசால்வர் வழியாகக் கேட்கும் டெஸ்டே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். டிஎன்எஸ்செக் (DNSSEC, பதில் உண்மையானதா என்று உறுதிசெய்யும் முறை) கையொப்பம் காலாவதியாகிவிட்டால் அதிகாரபூர்வ சர்வர் வழக்கம்போல் பதில் தரும், சரிபார்க்கும் ரிசால்வர்தான் சர்வ்ஃபெயில் (பதில் தர முடியவில்லை என்ற பிழை) என்று சொல்லும். அதைத் தனி டெஸ்டாக வைத்து, ரெக்கார்டை மாற்றும்போது மட்டுமல்லாமல் தினமும் ஓட விடுங்கள், ஏனென்றால் கையொப்பம் காலாவதியாக யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.